ஒரு நாள்தான் இருக்கிறது, எந்தப் புகைப்படக் கண்காட்சிக்குப் போவது?

ஒரு நகரத்தில் ஒரே காலத்தில் நான்கைந்து புகைப்படக் கண்காட்சிகள் நடந்துகொண்டிருக்க, அவற்றைப் பார்க்க நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நாள்தான். பெரிய அருங்காட்சியகம் ஒன்றில் மறைந்த மேதை ஒருவரின் வாழ்நாள் படைப்புகள் வைக்கப்பட்டிருக்கும். தனியார் கேலரி ஒன்றில் இன்று வாழும் கலைஞர் ஒருவரின் புதிய படங்கள் தொங்கும். பொது மண்டபம் ஒன்றில் அந்த ஆண்டின் சிறந்த பத்திரிகைப் படங்கள் சுற்றுப்பயணமாக வந்திருக்கும். சில ஊர்களில் இவை போதாதென்று ஒரு புகைப்படத் திருவிழாவும் நடக்கும். இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பலரும் கலைஞரின் பெயரையோ படங்களின் எண்ணிக்கையையோ வைத்து விடை காண்கிறார்கள். அந்த இரண்டையும் நான் இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவேன். சுவரில் இருக்கும் அச்சை யார், எப்போது, எந்த முறையில் உருவாக்கினார் என்பதும், அந்த அறைக்குப் போனால் மட்டுமே காணக்கூடியது எது என்பதும்தான் முதலில் கேட்க வேண்டியவை என்பது என் உறுதியான கருத்து.

ஓவியக் கண்காட்சிக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, ஏனெனில் ஓவியம் ஒன்றே ஒன்றுதான். புகைப்படம் அப்படியன்று. ஃபிலிமில் பதிந்த மூலப் பதிவான நெகட்டிவ் ஒன்றிலிருந்தே வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு தாள்களில், வெவ்வேறு கைகளால் அச்சுகள் எடுக்கப்படலாம், அவை ஒன்றுக்கொன்று வியக்கத்தக்க அளவுக்கு வேறுபடலாம். அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் எர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலவெழும் காட்சியை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். அதன் தொடக்ககால அச்சுகளில் வானம் சாம்பல் நிறத்தில், மெல்லிய மேகங்களோடு இருக்கிறது. பிற்காலத்தில் அவரே எடுத்த அச்சுகளில் அந்த வானம் ஏறக்குறைய முழுக் கருமையாகி, நிலவும் கல்லறைச் சிலுவைகளும் மட்டும் ஒளிர்கின்றன. இளமையில் பியானோ பயின்ற ஆடம்ஸ் நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் அச்சை அதன் அரங்கேற்றத்துக்கும் ஒப்பிட்டுப் பேசியவர். அவருடைய கண்காட்சி ஒன்றுக்குப் போகிறவர் எந்தக் காலத்து அரங்கேற்றத்தைக் காணப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு போனால், அதே படத்தைத் தொலைபேசித் திரையில் பலமுறை பார்த்திருந்தாலும், சுவரின் முன் நிற்கும்போது அது புதிதாகவே இருக்கும்.

அருங்காட்சியகத்தில் நடக்கும் தனிநபர் பெருங்காட்சியின் வலிமை இங்குதான் இருக்கிறது. பல நிறுவனங்களிடமிருந்தும் தனியார் சேகரிப்புகளிலிருந்தும் கடன் வாங்கி, படமெடுத்த சில ஆண்டுகளுக்குள் கலைஞரே எடுத்த அச்சுகளை, அதாவது விண்டேஜ் அச்சுகளை, ஒரே கூரையின்கீழ் கொண்டுவருவது ஓர் அருங்காட்சியகத்தால் மட்டுமே எளிதில் ஆகிற காரியம். அவற்றோடு, ஒரு ஃபிலிம் சுருளின் படங்களையெல்லாம் சிறிதாக ஒரே தாளில் காட்டும் கான்டாக்ட் தாள்கள், கடிதங்கள், படம் முதலில் வெளியான இதழ்கள் ஆகியவையும் கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கப்படும். கான்டாக்ட் தாளை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது என்று நான் யாரிடமும் வலியுறுத்துவேன். புகழ்பெற்ற ஒரு படத்துக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட, தேர்வாகாத படங்களைப் பார்க்கும்போதுதான் அந்தக் கலைஞர் எதை விட்டுவிட்டார் என்பதும், விட்டுவிட்டதால் எதைப் பெற்றார் என்பதும் விளங்கும்.

ஆனால் பெருங்காட்சி என்ற அறிவிப்பே விண்டேஜ் அச்சுகளுக்கு உத்தரவாதம் ஆகாது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டயேன் ஆர்பஸ் 1971-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய அவருடைய காட்சிக்கு, அவரிடம் பயின்ற நீல் செல்கிர்க் அச்சுகளை உருவாக்கினார், பின்னரும் அந்தப் பணியைத் தொடர்ந்தார். ஆர்பஸின் அச்சுகளைக் கூர்ந்து பயின்று செய்யப்பட்ட பொறுப்பான வேலை அது என்பதால் அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விவியன் மையரின் நிலை வேறு. சிகாகோவில் குழந்தைப் பராமரிப்பாளராக வாழ்ந்த அவருடைய நெகட்டிவுகள் 2007-இல் ஏலத்தில் விலைபோயின. 2009-இல் அவர் இறந்தபோது அவரைப் புகைப்படக் கலைஞராக உலகம் அறிந்திருக்கவில்லை. அவர் பெயரில் நடக்கும் காட்சிகளில் நாம் காணும் பெரும்பாலான அச்சுகளில் எந்தப் படத்தைத் தேர்வது, எவ்வளவு பெரிதாக எடுப்பது, எந்த அளவு கருமை தருவது என்ற முடிவுகள் அனைத்தும் பிறர் எடுத்தவை. அமெரிக்கத் தெருப் புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட் 1984-இல் மறைந்தபோது கழுவப்படாத ஃபிலிம் சுருள்கள் மட்டும் ஏறத்தாழ 2500 இருந்தன. அவற்றிலிருந்து எடுத்த அச்சுகளைக் காட்டுவது சரியா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. இப்படிப்பட்ட காட்சிகளைத் தவிர்க்க வேண்டும் என்பதில்லை. அவற்றில் நாம் பார்ப்பது பாதி அந்தக் கலைஞரையும் பாதி காட்சியைத் தொகுத்த க்யூரேட்டரையும்தான் என்று அறிந்து போக வேண்டும். ஒரு நாள் மட்டுமே கையில் இருக்கும்போது, கலைஞரே எடுத்த அச்சுகள் கொண்ட காட்சிக்கு முன்னுரிமை தர வேண்டும்.

இதை முன்கூட்டியே கண்டறிவது கடினமில்லை. அருங்காட்சியகம் வெளியிடும் படைப்புப் பட்டியலிலோ படத்தின் அருகிலுள்ள குறிப்பிலோ இரண்டு ஆண்டுகள் தரப்பட்டிருந்தால், முதலாவது படமெடுத்த ஆண்டு, இரண்டாவது அச்சிட்ட ஆண்டு. இரண்டும் நெருங்கியிருந்தால் அது விண்டேஜ் அச்சு. இடைவெளி நாற்பது ஐம்பது ஆண்டுகள் என்றால் பிற்கால அச்சு. முறையின் பெயரும் அங்கேயே இருக்கும்: சில்வர் ஜெலட்டின் என்றால் இருட்டறையில் உருவான கறுப்புவெள்ளை அச்சு, இன்க்ஜெட் அல்லது பிக்மென்ட் என்றால் மையால் தெளித்த அச்சு. 1930-களின் படத்துக்குக் கீழே பிக்மென்ட் அச்சு என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் அண்மையில் உருவானதுதான். கடன் கொடுத்தவர்களின் பெயர்கள் பலவாக இருப்பதும் நல்ல அறிகுறியே, ஏனெனில் ஒரே நிறுவனத்திடமிருந்து மொத்தமாக வாடகைக்கு வாங்கிச் சுற்றிவரும் காட்சிகளில் புதிய அச்சுகளே மிகுதி.

பெருங்காட்சிகளுக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று வெளிச்சம். பழைய அச்சுகள் ஒளியால் மங்கும் என்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்கள் வழக்கமாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான வெளிச்சத்தில்தான் காட்டப்படுகின்றன. கண் பழகுவதற்குச் சில நிமிடங்கள் தேவை, முதல் அறையை வேகமாகக் கடப்பவருக்கு எதுவும் சரியாகத் தெரியாது. மற்றொன்று அளவு. இருநூறு முந்நூறு படங்கள் கொண்ட காட்சியில் கடைசி மூன்று அறைகளை ஊன்றிப் பார்க்கும் ஆற்றல் யாருக்கும் எஞ்சியிருப்பதில்லை, கலைஞரின் முதிர்ந்த காலப் படைப்புகளோ பெரும்பாலும் அந்த அறைகளில்தான் இருக்கும். அனுமதி இருந்தால் முதலில் கடைசி அறைவரை நில்லாமல் நடந்துவிட்டு, பிறகு எங்கே நேரம் செலவிடுவது என்று முடிவுசெய்து திரும்பி வருவது நல்ல வழி.

தனியார் கேலரியில் இந்த இரண்டு குறைகளும் இல்லை. பதினைந்து முதல் முப்பது படங்கள், நல்ல வெளிச்சம், குறைந்த கூட்டம், வழக்கமாக நுழைவுக் கட்டணமும் இல்லை. படத்துக்கு மிக அருகில் போய் நிற்கலாம். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பார், வாங்க வந்தவரா பார்க்க வந்தவரா என்று பார்த்துப் பேச்சை மாற்றாத நல்ல இடங்களும் உண்டு. புகைப்படம் கலையாக ஏற்கப்பட்ட வரலாற்றில் சிறிய கேலரிகளின் பங்கு பெரிது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் 291 என்ற எண்ணால் அறியப்பட்ட சிறு கூடத்தை 1905-இல் தொடங்கினார். ஜூலியன் லெவி தமது கேலரியை 1931-இல் திறந்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் புகைப்படத்துக்கெனத் தனித் துறையை அமைத்ததோ 1940-இல்தான். அந்த முறை இன்றும் மாறவில்லை: வாழும் கலைஞர் ஒருவரின் புதிய படங்கள் அருங்காட்சியகச் சுவருக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கேலரியில் காணக் கிடைக்கின்றன.

கேலரிக்காக நான் வாதாட இன்னொரு காரணம், அங்குள்ள அச்சு எப்படி இருக்க வேண்டும் என்று கலைஞரே தீர்மானித்திருக்கிறார் என்பது. பெரிய அளவில் கற்பனை செய்யப்பட்ட படங்களுக்கு இது மிக முக்கியம். ஜெர்மன் புகைப்படக் கலைஞர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி ரைன் நதியை 1999-இல் படமாக்கிய அச்சு சட்டகத்தோடு சேர்த்து மூன்றரை மீட்டருக்கும் மேற்பட்ட அகலம் கொண்டது. 2011-இல் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு விற்றது என்ற செய்தியால் அதை அறிந்தவர்கள் பலர், ஆனால் திரையில் அது பச்சையும் சாம்பலுமான சில பட்டைகள் மட்டுமே. அதன் முன் நிற்பவர்தான் நீரின் மேற்பரப்பையும் புல்லின் விளிம்பையும் அருகில் சென்றும் விலகி வந்தும் பார்க்க முடியும். அளவே பொருளாக இருக்கும் இத்தகைய படங்களுக்குத் திரையோ நூலோ ஈடாகாது. மறுபுறம், விற்பனைக்கான இடம் என்பதன் விளைவுகளையும் மறைக்கக் கூடாது. எளிதில் விற்கும் படங்கள் முன்னால் வரும். ஒரு வரிசையின் கடினமான, கசப்பான படங்கள் உள்ளறையில் தங்கிவிடும். விளக்கக் குறிப்புகள் குறைவு, இருப்பவையும் புகழுரைகள். கலைஞரின் முந்தைய படைப்புகளை அறியாதவர் தனித்து நிற்கும் இருபது படங்களிலிருந்து அவரைப் புரிந்துகொள்வது கடினம்.

அருங்காட்சியகத்துக்கும் கேலரிக்கும் இடையில், புகைப்படத்துக்கென்றே நடத்தப்படும் பொதுநல நிறுவனங்கள் உள்ளன. லண்டனில் 1971-இல் சூ டேவிஸ் தொடங்கிய போட்டோகிராஃபர்ஸ் கேலரி, நியூயார்க்கில் கார்னல் காப்பா 1974-இல் நிறுவிய பன்னாட்டுப் புகைப்பட மையம், பெர்லினின் சி/ஓ பெர்லின், ஆம்ஸ்டர்டாமின் ஃபோம், சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் புகைப்பட அருங்காட்சியகம், டோக்கியோ புகைப்படக் கலை அருங்காட்சியகம் ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று காட்சிகள் நடக்கும்: ஒரு மூத்தவர், ஓர் இளையவர், ஒரு கருப்பொருள் காட்சி. புகைப்படக் கண்காட்சிக்கே முதன்முறை போகிறவருக்கு நான் இந்த வகையைத்தான் சொல்வேன். நடுத்தர அளவு, தெளிவான குறிப்புகள், கீழ்த்தளத்தில் நல்ல நூலகமோ புத்தகக் கடையோ, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நுழைவுச்சீட்டில் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்க இரு வேறு படைப்புலகங்கள்.

பத்திரிகைப் படங்களின் சுற்றுக்காட்சிக்கு அச்சு பற்றிய என் அளவுகோல் பொருந்தாது. 1955 முதல் நெதர்லாந்திலிருந்து இயங்கும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு ஆண்டுதோறும் பரிசுபெற்ற படங்களைப் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. அந்தப் பலகைகள் எங்கும் ஒரே மாதிரி அச்சிடப்பட்டவை, படங்களை இணையத்திலும் காணலாம். அப்படியிருந்தும் அங்கே போவதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. திரையில் ஒரு போர்ப்படத்தை நாம் இரண்டு நொடிகளில் தள்ளிவிடுகிறோம்; அந்த மண்டபத்தில் அதன் முன் நின்று, அதில் இருப்பவரின் பெயரையும் ஊரையும் என்ன நடந்தது என்பதையும் சொல்லும் நீண்ட குறிப்பை வாசிக்கிறோம், நம் பக்கத்தில் முன்பின் அறியாத ஒருவர் அதையே வாசித்துக்கொண்டிருக்கிறார். மக்களைப் பெருமளவில் திரட்டிய புகைப்படக் காட்சிகளின் வரலாறே இந்த வகையில்தான் எழுந்தது. எட்வர்ட் ஸ்டைகன் 1955-இல் நியூயார்க்கில் தொகுத்த மனிதக் குடும்பம் என்ற காட்சியில் 68 நாடுகளிலிருந்து 273 பேர் எடுத்த 503 படங்கள் இருந்தன; சட்டகமில்லாமல், சில சுவர் அளவுக்குப் பெரிதாக்கப்பட்டு, அச்சின் அருமைக்காக அல்லாமல் படத்தின் செய்திக்காகவே அவை தொங்கவிடப்பட்டன. உலகைச் சுற்றிவந்த அதன் ஒரு பிரதி இப்போது லக்சம்பர்க் நாட்டின் கிளெர்வோ கோட்டையில் நிரந்தரமாக இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் மட்டும் இவ்வகைக் காட்சிகளின் படங்களை முன்னதாகவே இணையத்தில் பார்த்துவிடுவது நல்லது. சில படங்கள் பெரியவர்களையே நிலைகுலையச் செய்பவை.

திருவிழாக்கள் ஒரு நாளுக்கானவை அல்ல. பிரான்சின் ஆர்ல் நகரில் 1970 முதல் கோடைதோறும் நடக்கும் விழாவைப் போல, பழைய தேவாலயங்களிலும் கிடங்குகளிலும் பல காட்சிகள் ஒருசேர நடக்கும்போது, ஒரு நாளில் ஐந்தாறு இடங்களுக்கு ஓடுகிறவருக்கு எதுவும் மனத்தில் தங்குவதில்லை. தரமும் சீராக இராது. இரண்டு மூன்று நாட்கள் தங்க முடிந்தவருக்கு அது பெரும் விருந்து. மற்றவர்கள் அதிலிருந்து இரண்டே காட்சிகளைத் தேர்ந்து, எஞ்சியதை விட்டுவிடும் துணிவோடு போக வேண்டும்.

யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத வாய்ப்பு ஒன்று மீதமிருக்கிறது: அருங்காட்சியகத்தின் சொந்தச் சேகரிப்பிலிருந்து மாற்றி மாற்றி வைக்கப்படும் அறைகள். விளம்பரம் இல்லை, வரிசை இல்லை, பல இடங்களில் கட்டணமும் இல்லை. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1850-களிலிருந்தே புகைப்படங்களைச் சேகரித்துவருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூனின் படங்களை 1865-இல் அவரிடமிருந்தே பெற்றுக் காட்சிக்கும் வைத்தது. 1839-இல் அறிவிக்கப்பட்ட டாகெரோடைப் முறைப் படங்களை இத்தகைய அறைகளில்தான் பெரும்பாலும் காண முடியும். வெள்ளி பூசிய தகட்டின்மேல் உருவான அந்தப் படத்துக்கு நெகட்டிவ் இல்லை, மறுபிரதி இல்லை. நேராக நின்றால் கண்ணாடிபோல நம் முகமே தெரியும், தலையைச் சற்றுச் சாய்த்தால் மட்டுமே நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் அசையாமல் அமர்ந்திருந்த ஒருவரின் முகம் மேலெழும். எந்த நூலாலும் எந்தத் திரையாலும் இதைத் தர இயலாது. அரைநாள் மட்டுமே உள்ளவர், பெருங்காட்சியின் கூட்டத்தில் பாதி நேரத்தை இழப்பதைவிட இந்த அறைகளில் ஒன்றரை மணி நேரமும், அருகிலுள்ள ஒரு கேலரியில் அரைமணி நேரமும் செலவிடுவது மேல் என்பது என் தேர்வு.

முழுநாள் கிடைத்தால், அது கலைஞரே எடுத்த அச்சுகள் நிறைந்த காட்சி என்று உறுதியான பிறகு, காலையில் கதவு திறக்கும் நேரத்திலேயே பெருங்காட்சிக்குப் போய்விடலாம். மதியத்துக்குப் பின் கேலரி. தாமே படமெடுக்கப் பழகுகிறவர் இந்த வரிசையை மாற்றி, கேலரிக்கே முதலிடம் தர வேண்டும், ஏனெனில் இன்று தம்மைப்போல உழைக்கும் ஒருவர் தாள், அளவு, சட்டகம், படங்களின் வரிசை ஆகியவற்றை எப்படி முடிவுசெய்தார் என்பதை அங்கே நேரில் கேட்டறியலாம். புகைப்படத்தில் தனி ஈடுபாடு இல்லாத நண்பரையோ வீட்டாரையோ அழைத்துச் செல்கிறவருக்குப் பத்திரிகைப் படக் காட்சியே பொருத்தம். அங்கே யாருக்கும் முன்னறிவு தேவையில்லை.

எல்லாமே பார்க்க விருப்பம், ஆனால் வெவ்வேறு வாரங்களில்தான் முடியும் என்றால், முடிவுத் தேதியைவிட, விட்டுப்போனால் மீண்டும் கிடைக்குமா என்பதைக் கருத வேண்டும். கடன் வாங்கிய விண்டேஜ் அச்சுகளின் காட்சி கலைந்தால் அவை அப்படியே மீண்டும் ஒன்றுசேர்வது அரிது. காகித அச்சுகள் சில மாதங்கள் ஒளியில் இருந்தபின் பல ஆண்டுகள் இருட்டில் ஓய்வெடுக்க அனுப்பப்படும் என்பதால், சேகரிப்பு அறைகளிலும் இன்றிருக்கும் படம் அடுத்த பருவத்தில் இராது. கேலரிக் காட்சிகள் நான்கு முதல் ஆறு வாரங்களில் முடிந்துவிடுகின்றன, படங்கள் விற்றால் தனியார் வீடுகளுக்குப் போய்விடும். பத்திரிகைப் படங்களைக் கடைசிக்கு வைக்கலாம்; அந்தக் காட்சி வேறோர் ஊருக்குச் செல்லும், அடுத்த ஆண்டு புதிய படங்களோடு திரும்பியும் வரும். கிளம்புவதற்கு முன் விடுமுறை நாளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பல அருங்காட்சியகங்கள் திங்கள்கிழமைகளிலும், பல கேலரிகள் ஞாயிறு, திங்கள் இரு நாட்களிலும் மூடியிருக்கும், இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவருக்குச் சனிக்கிழமையே வசதி.